கப்பலை விட்டிறங்க ஒரு வாக்கியம்

பாகோ பாகோ துறைமுகம்
6 மார்ச் 1972

அன்புத் தங்கை இம்சுனுக்கு,

அம்மாவும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்? யங்தோவில் இன்னும் குளிர் விட்டிருக்காது. கரி அடுப்புப் புகை அறைக்குள் வராமல் பார்த்துக்கொள். இங்கே தென்கடல் தீவில் வருடம் முழுக்க ஒரே வெயில்தான். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் கறுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

முதல் நடை முடிந்து, பிடித்த சூரை மீனையெல்லாம் டப்பாத் தொழிற்சாலையில் இறக்கிவிட்டோம். கப்பல்தான் கிழம். அடித்தட்டில் ஊறும் தண்ணீரை இறைக்கிற பம்ப் இரவும் பகலும் ஓடுகிறது. அது ஓடினால் எங்களுக்குத் தூக்கம் வரும். நின்றால் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிடுவோம்.

எழுதுவதற்குக் காரணம் வேறு. நிலாக் கணக்கில் வரும் ஒன்பதாம் மாதம் அம்மாவுக்கு அறுபது. ஒரே மகன் நான் கோப்பையில் மது ஊற்றிக் கொடுத்து விழுந்து கும்பிடாமல் அது என்ன விருந்து? கேப்டனிடம் கேட்டேன். "ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கே. உங்கம்மாவுக்கு எழுபதும் வரும்டா, அதுக்குப் போய்க்கோ" என்றார்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. கரை சேரும்போதெல்லாம் துறைமுக அதிகாரி ஏறிவந்து, யாருக்காவது ஊருக்குப் போக வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்பார். எங்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கேப்டன் ஒரே வார்த்தையில் "இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார். எஞ்சினுக்கு எண்ணெய் போடும் சோன் அண்ணன் சொல்கிறார், பக்கத்துக் கப்பலில் ஒருவன் தன் வாயாலேயே சொன்னானாம், ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். பதிலுக்கு ஒரு புது ஆள் வந்தால் போதுமாம்.

நீதான் ஆங்கிலம் படிக்கிறாயே. "நான் இந்தக் கப்பலை விட்டுப் போக வேண்டும்" என்பதை எப்படிச் சொல்வது? அது ஒன்று போதும்.

உன் அண்ணன்,
மான்சிக்


யங்தோ, பூசான்
2 ஏப்ரல் 1972

மாணவன் மான்சிக்குக்கு ஆசிரியை எழுதுவது,

நாங்கள் இருவரும் சௌக்கியம். முற்றத்தில் துணி உலரத் தொடங்கிவிட்டது, அதனால் வசந்தம் வந்துவிட்டது என்று கொள். நீ கறுத்துப்போனதைக் கேட்டு அம்மா, "அவன் எப்ப வெள்ளையா இருந்தான்?" என்கிறாள்.

கடிதத்தை அவளுக்குக் கத்திக் கத்திப் படித்தேன். கப்பல்களின் வயிற்றில் துரு தட்டித் தட்டி அவள் காது போயேவிட்டது. நான் படித்தது முதலில் பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கிருந்துதான் அம்மாவுக்கு வந்தது. பம்ப் கதையைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. "போன வருஷம் அந்தக் கப்பலுக்கு நாங்கதான் துரு தட்டினோம். சுத்தியல் பட்ட இடத்துல தகடு நெளிஞ்சுது. மேல பெயிண்ட்டைப் பூசி அனுப்பிட்டானுங்க. அறுபதுக்கு வர்றானோ இல்லையோ, முதல்ல எறங்கச் சொல்லு" என்றாள்.

இனி பாடம். முதல் சொல் லீவ், அதாவது விட்டுப் போவது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய என் புத்தகத்தில் முதல் பதினைந்து பக்கம் இல்லை. வணக்கம் சொல்வது, பேர் கேட்பது எல்லாம் அதில்தான் போயிருக்க வேண்டும். ஆகவே உன் ஆசிரியை வரவேற்கத் தெரியாதவள், வெளியேற மட்டும் தெரிந்தவள். கடைசி எழுத்துக்கு மேல்பல்லால் கீழுதட்டை லேசாகக் கடிக்க வேண்டும். நம் மொழியில் அந்த ஒலி கிடையாது, அதனால் வெட்கப்படாமல் கடி. நம் வழக்கப்படி 'கப்பலிலிருந்து' என்று ஒட்டெல்லாம் போடாதே. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இடத்தின் பேரை அப்படியே வைத்தால் போதும். லீவ் திஸ் ஷிப்.

தப்பாகச் சொன்னால் அடி விழும். ஏழு வயதில் புத்தாண்டன்று பெரியப்பாவுக்கு இரண்டு தடவை விழுந்து கும்பிட்டாயே, நினைவிருக்கிறதா? "உசுரோட இருக்கறவனுக்கு ஒண்ணுடா, செத்தவனுக்குத்தான் ரெண்டு! என்னைக் கொன்னுட்டியே!" என்று அவர் உன்னை முற்றம் முழுக்கத் துரத்தினார். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

உன் ஆசிரியை,
இம்சுன்


(அஞ்சலில் சேர்க்காத கடிதம்)
யங்தோ
1 மே 1972

அண்ணா,

நீ சுகமா என்று கேட்கக் கை வரவில்லை.

அம்மா போய்விட்டாள். கப்பலின் பக்கவாட்டில் கயிற்றுப் பலகை கட்டி உட்கார்ந்து துரு தட்டிக்கொண்டிருந்தவள். கயிறு அவிழ்வதை மேலிருந்தவர்கள் பார்த்துக் கத்தியிருக்கிறார்கள், அவள் காதில் விழவில்லை. பலகையோடு கீழே விழுந்தாள். மூன்று நாள் கிடந்தாள். பேசியது கொஞ்சம்தான். "அவனை அந்தக் கப்பல்ல இருந்து எறக்கு" என்று இரண்டு முறை சொன்னாள்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு எதிரே நீ நிற்க வேண்டிய இடத்தில் பெரியப்பா மகன் நின்றான். துக்கத்துக்கு உடுத்தும் சணல் உடுப்பு அவனுக்குப் பெரிதாக இருந்தது, உனக்குச் சரியாக இருந்திருக்கும்.

நேற்றே இதை உனக்கு எழுதியே தீருவேன் என்று உட்கார்ந்தேன். அம்மாவோடு துரு தட்டும் சுத்தியல்காரப் பெண்களின் தலைவியம்மா வந்து என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "கடல்ல இருக்கறவன் காதுல சாவு விழக் கூடாதுடி. தூண்டில் வீசறப்ப கை நடுங்கும், கால் வழுக்கும். கரைக்கு வந்தப்புறம் சொல்லிக்கலாம். இந்தச் சந்துல ஒரு வாய் திறக்காது" என்றாள். அவள் கணவன் இறந்ததைக்கூட மகனுக்கு ஒன்றரை வருடம் கழித்துத்தான் சொன்னாளாம். இந்தச் சந்தில் எந்த வீட்டிலும் அதுதான் வழக்கம், நமக்கு மட்டும் வேறா என்ன?

அழுது முடித்து எழுதியிருக்கிறேன். இதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

இம்சுன்


பாகோ பாகோ
4 ஜூன் 1972

ஆசிரியைக்கு மாணவனின் வணக்கம்.

நலமாகத் திரும்பினோம். உன் ஏப்ரல் கடிதம் காத்திருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லையே, ஏன்? அம்மா சாப்பிடுகிறாளா? வேலைக்குப் போகாதே என்று நான் சொன்னதாகச் சொல், எப்படியும் கேட்க மாட்டாள்.

உதட்டைக் கடித்துக் கடித்து, உப்புக் காற்றில் அது வெடித்துப் புண்ணாகிவிட்டது. தளத்தில் தூண்டிலில் இரை கோக்கும்போதும் வாய்க்குள் லீவ், லீவ் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சமையல்காரர், "இவன் என்னடா, முயல் மாதிரி கொறிக்கிறான்?" என்கிறார். கேப்டன் பக்கத்தில் வந்தால் இருமுவேன். சோன் அண்ணனும் சேர்ந்து இருமுவார், அவருடையது மட்டும் நிஜ இருமல்.

இரண்டாம் நடையில் பம்ப் ஒருமுறை நின்றது. எஞ்சின் அறையில் முழங்கால் அளவு தண்ணீர். எல்லோரும் வாளி எடுத்தோம். விடிவதற்குள் சரிசெய்துவிட்டார்கள். அம்மாவிடம் இதைப் படிக்காதே.

உண்மையைச் சொல்கிறேன், இம்சுன். எனக்கு இறங்கவும் கூச்சமாக இருக்கிறது. பாதியில் இறங்கியவன் என்று பேர் வந்தால் பூசானில் எந்தக் கப்பலும் சேர்க்காது. கூட இருப்பவர்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்க நான் மட்டும் எப்படிப் போவது? அம்மாவின் அறுபது என்ற ஒன்று இல்லாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வருடத்தையும் ஓட்டிவிடுவேன். அம்மாவுக்காக என்றால் மட்டும் யார் முகத்திலும் விழிக்கலாம். அதை எவனும் குறை சொல்ல மாட்டான்.

முழு வாக்கியத்தையும் அனுப்பு. அம்மா என்ன சொன்னாள் என்பதை அவள் சொன்னபடியே எழுது.

மான்சிக்


யங்தோ
3 ஜூலை 1972

அண்ணாவுக்கு,

மழைக்காலம் தொடங்கி சுவரெல்லாம் ஈரம். தாமதத்துக்குக் காரணம் செருப்புத் தொழிற்சாலையில் கூடுதல் வேலை, பசை வாடையில் தலைவலி, வேறொன்றுமில்லை. அம்மா சுகம். மணிக்கட்டில் சுளுக்கு, அதனால் சுத்தியல் பிடிக்கவில்லை. வீட்டில்தான் இருக்கிறாள்.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்தேன். அவள் சொன்னது இது: "அவன் வராம நான் அந்த விருந்துல உக்கார மாட்டேன். மீன் சந்தையில கூடை தூக்கறவன்னு பேர் வந்தாலும் சரி, ஓடி வந்தவன்னு பேர் வந்தாலும் சரி. எம் பையன் எனக்குக் கோப்பை குடுக்கணும். வரலைன்னா பட்டினி கிடப்பேன்." இதை அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

ஆகவே நீ வந்தே ஆக வேண்டும். விருந்துக்குச் சொல்லியாயிற்று. அரிசி மாவுப் பணியாரத்துக்கு ஏற்பாடு செய்தாயிற்று. அவளுக்கு வெளிர்பச்சையில் ஒரு உடுப்பும் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

முழு வாக்கியம்: ஐ வான்ட் டு லீவ் திஸ் ஷிப். அதிகாரி முகத்தைப் பார்த்துச் சொல். தலையைக் குனிந்துகொண்டு சொன்னால் நம் ஊரில் மரியாதை, அங்கே நீ பொய் சொல்வதாக நினைப்பார்களாம். என் இரவு வகுப்பு ஆசிரியர் சொன்னார். கேப்டன் குறுக்கே பேசினால் நிறுத்தாதே, திரும்பவும் சொல். பத்துத் தடவையானாலும் சொல். அம்மாவை நினைத்துக்கொண்டு சொல்.

இம்சுன்


பாகோ பாகோ
24 ஆகஸ்ட் 1972

அன்பு இம்சுனுக்கு,

ஊரில் வெயில் தணிந்திருக்கும். அம்மாவின் மணிக்கட்டு எப்படி இருக்கிறது? சுளுக்குக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு.

பட்டினி கிடப்பேன் என்றாளா! அவள் குரலே காதில் கேட்டது. அந்தக் கடிதத்தைப் படித்ததும் என் கூச்சமெல்லாம் போய்விட்டது. சோன் அண்ணனிடமும் படித்துக் காட்டினேன். "போயிடுடா தம்பி, இப்படிக் கூப்பிட எனக்கு அம்மா எங்க இருக்கா?" என்றார். அவருக்கு மூன்று பெண் குழந்தைகள். இருமலில் இப்போது ரத்தம் வருகிறது. கேப்டன் அவருக்குக் கொடுப்பது வயிற்றுவலி மாத்திரை.

நல்ல செய்தி கேள். பம்ப் பழுதுக்காக இந்த முறை ஒரு மாதம் கரையில்தான் இருப்போம். கூடுதலாக ஒரே ஒரு புது ஆள் வருகிறான், அதனால் ஒருவர் இறங்க இடம் இருக்கிறது. அந்த ஒருவன் நான்தான். இன்னொரு வேடிக்கை, வருகிறவன் யார் தெரியுமா? நம் சந்து யாங் சங்தால்! நாளை மறுநாள் விமானத்தில் வருகிறானாம். மே மாதம் வரை ஊரில் இருந்தவன், அம்மாவைப் பற்றி அவனிடம் நாள் முழுக்கக் கேட்பேன். அவன் வந்து ஏறியதும் அதிகாரி வருவார். நானும் வாயைத் திறப்பேன்.

ஒரு சந்தேகம். எனக்காக இல்லாமல் இன்னொருவருக்காக அதைச் சொல்வதானால் எப்படிச் சொல்வது? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

மான்சிக்


யங்தோ
12 செப்டம்பர் 1972

அண்ணா,

சுகமா? நாங்கள் சுகம். அவசரமாக எழுதுகிறேன்.

யாங்கிடம் ரொம்பப் பேச்சு வைத்துக்கொள்ளாதே. அவன் வாயில் உண்மை தங்காது. குடித்தால் பத்து வீட்டுக் கதையை ஒரே வீட்டில் போட்டுக் கலக்குவான். அவன் ஏதாவது சொன்னால், அம்மாவைப் பற்றி எது சொன்னாலும், நம்பாதே. வேறு யாரையோ நினைத்துச் சொல்லியிருப்பான்.

இன்னொருவருக்காகச் சொல்வதெல்லாம் உனக்கு வேண்டாம். அது இன்னும் பாடத்தில் வரவில்லை. முதலில் நீ இறங்கு.

இந்நேரம் நீ இறங்கியிருப்பாய். இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்காமல் திரும்பி வந்தால் அதைவிட எனக்குச் சந்தோஷம் கிடையாது. துறைமுகத்துக்கு நான் வருவேன். அங்கே உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், நீ அடித்தாலும் சரி, வாங்கிக்கொள்வேன். வா, போதும்.

இம்சுன்


பாகோ பாகோ
25 செப்டம்பர் 1972

அன்பு இம்சுனுக்கு,

இதைச் சோன் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். துறைமுக மருத்துவமனையில் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு அவரை ஊருக்கு அனுப்புகிறார்கள். அவர் பெண்களில் சின்னவளுக்கு ஐந்து வயதுதான். இடம் ஒன்றுதான் இருந்தது, நீ கோபிக்காதே.

நான் சுகம். பம்ப்பைச் சரிசெய்திருக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். நாளை கிளம்புகிறோம்.

உன் செப்டம்பர் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. யாங் நல்லவன், அவனைத் திட்டாதே. அவன் ஒன்றும் உளறவில்லை.

அறுவடைத் திருநாளன்று தளத்தில் ஒரு தட்டில் சோறும் வறுத்த மீனும் வைத்து, ஊர்ப்பக்கம் பார்த்து அம்மாவுக்கு விழுந்து கும்பிட்டேன். இரண்டு தடவை. பெரியப்பா துரத்தியதை நான் மறக்கவில்லை.

ஒன்பதாம் மாதம் அவள் பிறந்த நாளில் கடற்பாசி சூப் வை. உப்பைக் குறை, உன் கைக்கு உப்பு எப்போதும் அதிகம். அந்த வெளிர்பச்சை உடுப்பை நிஜமாகவே தைக்கக் கொடுத்திருந்தால் நீ உடுத்திக்கொள். நான் நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் நீ நின்றிருக்கிறாய். தனியாக இத்தனை மாதம் எப்படித் தாங்கினாய்?

பாடத்துக்கு நன்றி. வீண் போகவில்லை.

உன் அண்ணன்,
மான்சிக்


யங்தோ
10 டிசம்பர் 1972

அண்ணா,

குளிர் வந்துவிட்டது. கரி அடுப்பைக் கவனமாகத்தான் வைக்கிறேன், பயப்படாதே. நீ எப்படி இருக்கிறாய்?

சோன் அண்ணன் அக்டோபரிலேயே ஒருவழியாக வந்துசேர்ந்தார். உன் கடிதத்தை என்னிடம் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டார். எழுந்திருக்கச் சொன்னேன், கேட்கவில்லை. அப்படியே உட்கார்ந்துதான் சொன்னார்.

"யாங் பெட்டியைக் கீழ வச்சதும் உங்கண்ணன் முன்னால விழுந்து கும்பிட்டாம்மா, துக்கம் கேக்கற கும்பிடு. நாலு மாசம் ஆச்சே, கப்பலும் கரைக்கு வந்துடுச்சே, வீட்டுல சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சிட்டான். எழவுக்குக் கடைசிவரை இருக்க முடியல, இங்கயாவது முறையைச் செய்யணும்னு வந்தானாம். பதிலுக்கு உங்கண்ணனும் விழுந்து கும்பிட்டாரு. மகன் செய்யற முறை அது, உடம்பு தானா செஞ்சுது. எந்திரிச்சதுக்கு அப்புறந்தான் 'எப்ப?'ன்னு கேட்டாரு."

அடுத்த நாள் அதிகாரி வந்தாராம். கேப்டன் வழக்கம்போல "இல்லை" என்றாராம். நீ முன்னால் வந்து, சோன் அண்ணனின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி, அதிகாரி முகத்தைப் பார்த்து, "சோன் வான்ட் டு லீவ் திஸ் ஷிப்" என்றாயாம். கேப்டன் உன் முதுகில் அடித்தாராம். திரும்பவும் சொன்னாயாம். உதட்டிலிருந்து ரத்தம் வந்ததாம். சோன் அண்ணன் இருமி, தன் ரத்தத்தையும் காட்டினாராம்.

இலக்கணம் தப்பு, அண்ணா. நான் அதைச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரக் கூடாது என்றுதான் சொல்லித் தரவில்லை.

எனக்கு உன் மேல் கோபம். ஊரெல்லாம் உன்னைப் புகழட்டும், நான் புகழ மாட்டேன். செத்தவளை மாதக்கணக்கில் பேச வைத்தேன். அவள் சொல்லாததையெல்லாம் சொல்ல வைத்தேன், எல்லாம் உன்னை இறக்கத்தான். அம்மா இல்லையென்றால் அவசரம் இல்லை என்று எப்படி முடிவு செய்தாய்? நான் ஒருத்தி இங்கே இருக்கிறேனே, நான் கூப்பிட்டதாக நினைத்திருக்கக் கூடாதா? 'எனக்காக வா' என்று ஒரு வரி எழுதியிருந்தால் வந்திருப்பாயா? அதை எழுதத் தோன்றவே இல்லை எனக்கு. அந்தப் பாழாய்ப்போன யாங்கைத் திட்டலாம் என்றால் அவனும் உன்னோடுதான் இருந்தான்.

பிறந்த நாளில் சூப் வைத்தேன். உப்பு குறைவுதான். வெளிர்பச்சை உடுப்பைப் போன மாதம்தான் தைக்கக் கொடுத்தேன்.

கம்பெனி ஆள் நவம்பர் கடைசியில் வந்தான். கப்பலோடு வானொலிப் பேச்சு நின்றுவிட்டதாம், பன்னிரண்டு நாள் தேடினார்களாம், ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லையாம். எந்த இடத்தில் என்று கேட்டேன். கடல்படத்தில் கையை அகல வைத்துக் காட்டினான்.

நேற்று கப்பலில் இருந்தவர்களின் வீட்டார் எல்லோரும் கரையில் கூடினோம். பாய் விரித்து, சோறும் மதுவும் வைத்திருந்தார்கள். சோன் அண்ணன் மூன்று பெண்களையும் கூட்டி வந்து உன் பேருக்குக் கும்பிட வைத்தார், சின்னது கணக்குத் தெரியாமல் தன் அம்மாவைப் பார்த்துப் பார்த்துச் செய்தது. எல்லோரும் இரண்டு தடவை விழுந்து கும்பிட்டார்கள். நான் ஒரு தடவை கும்பிட்டுவிட்டு எழுந்து நின்றேன்.

தலைவியம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "இன்னொண்ணு பாக்கி இருக்குடி" என்றாள்.

"கணக்கு எனக்குத் தெரியும்" என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், அண்ணா. நேரம் கிடைத்தால் எழுது.

உன் தங்கை,
இம்சுன்